ஆயிரம் கல்லுக்கு எத்தனை கைகள்: ஒரு செங்கல் சூளையின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு மேன்ஹோல் கட்ட வந்த செங்கல்லைப் பற்றிய ஆய்வு. திட்டம் நடந்தது தமிழ்நாட்டில், சென்னைக்கு வடமேற்கே. கடன் கொடுத்தது ஒரு பன்னாட்டு வளர்ச்சி வங்கி. வரைபடங்களையும் சமூகப் பாதுகாப்பு அறிக்கைகளையும் தயாரித்தது சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் இருந்த ஓர் ஆலோசனை நிறுவனம். நான் அங்கே சமூகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். கட்டுமானத்தில் ஈடுபடுவோரின் வயது, கூலி, தங்குமிடம் மூன்றையும் சரிபார்ப்பது என் பொறுப்பு.

நிறுவனம், வங்கி, சூளை எதன் பெயரையும் எழுதவில்லை. நாங்கள் எடுத்த நடவடிக்கைகளில் எது பிள்ளைகளுக்கு உதவியது, எது கெடுதலில் முடிந்தது என்பதைச் சொல்வதே எனக்கு முக்கியம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்த வட்டாரம் முழுவதற்கும் திட்டம் வரையும், கடன் கொடுக்கும், பொருள் வாங்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தாளில் குறை இல்லை

சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது, 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்கக்கூடாது என்று இந்தியா தன் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்தியது. அடுத்த ஆண்டே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்படிக்கைகளை ஏற்றது. முன்னது வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பற்றியது, பின்னது பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டும் மிகக் கொடிய வடிவங்களைப் பற்றியது. சிங்கப்பூர் 182ஐ 2001லும் 138ஐ 2005லும் ஏற்றுக்கொண்டுவிட்டது. உலக வங்கியின் தொழிலாளர் தரநிலை 2018 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியின் விதிகளும் ஏறத்தாழ அதே வார்த்தைகளில்தான் இருந்தன.

திட்டத் தளத்திலும் ஒழுங்கு இருந்தது. வாசலில் ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். 'குழந்தைத் தொழிலாளர்களை நாங்கள் பணியமர்த்துவதில்லை' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். வேலிக்குள் ஒரு பிள்ளைகூட இல்லை. முதல் ஆறு மாத அறிக்கைகளில் 'மீறல் எதுவும் இல்லை' என்று நானே எழுதினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்த்தது வேலிக்குள் மட்டும்.

ஒரு நாள் செங்கல் இறக்க வந்த லாரி ஓட்டுநரிடம் "கல் எங்கிருந்து வருதுண்ணே?" என்று கேட்டேன். காகிதத்தில் எங்களுக்குக் கல் விற்பவர் நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி. வங்கி விதிகள் 'முதன்மை விற்பனையாளர்' வரைதான் பார்க்கச் சொல்லும். திட்டத்துக்கு முக்கியமான பொருளை நேரடியாகத் தொடர்ந்து தருபவர் என்று அதற்குப் பொருள். வியாபாரியின் கடையில் கணக்குப் புத்தகமும் மின்விசிறியும் இருந்தன. சூளை அவருக்கு ஒரு படி பின்னால் இருந்தது. அந்த ஒரு படிக்குள்தான் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஓட்டுநர் சொன்ன வழியில் போனோம். பிப்ரவரி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சூளை வேலை சூடுபிடித்திருந்த நேரம். கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள். அங்கே நுவாகாய் என்ற புத்தரிசித் திருவிழா முடிந்ததும் தரகர்கள் ஊருக்குள் வருவார்கள், முன்பணம் கொடுப்பார்கள். தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. கணவன், மனைவி, வேலை செய்யக்கூடிய ஒரு பிள்ளை என்று சேர்த்து ஓர் அலகாகக் கணக்கிட்டுத்தான் பணம் கைமாறும். சூளையில் கூலியும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான்.

களத்தில் பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத செங்கல், வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அதன்மேல் நடந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் போட்டுக்கொண்டே போனான். பெரியவர்கள் மிதித்தால் ஈரக்கல் நசுங்கிவிடும். அவனைப் போல எடை குறைந்தவர்கள்தான் அதற்குத் தோது. அந்த வேலைக்கு அவனுடைய சின்ன உடம்பே தகுதியாக இருந்தது. அவன் தங்கை குடிசை வாசலில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏழு வயது இருக்கலாம். என் படிவத்தில் அவளுக்கு ஒரு கட்டம் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வது கூலி வேலை என்று எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் அவள் அங்கே நின்றதால்தான் அவளுடைய அம்மாவால் மண் மிதிக்க முடிந்தது.

சூளைக்காரர் எங்களைக் கண்டதும் பதறவில்லை. "குடும்பமா சேந்து வேலை பாக்குறாங்கம்மா. சட்டத்துலயே இருக்கு" என்றார். 2016 திருத்தத்தில் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் சூளை அந்தக் குடும்பத்துடையது இல்லை. பையன் எந்தப் பள்ளியிலும் இல்லை.

முதல் நடவடிக்கையும் அதன் விளைவும்

ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் போனது. அவர் வியாபாரிக்கு எழுதினார், வியாபாரி சூளைக்குச் சொன்னார்: களத்தில் ஒரு பிள்ளை இருந்தாலும் கல் வாங்க மாட்டோம். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். களத்தில் பிள்ளைகள் இல்லை. புது வெள்ளையடித்த சுவரில் எங்கள் பலகையின் வாசகத்தையே எழுதி வைத்திருந்தார்கள். 'குறை தீர்க்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு திரும்பினேன்.

சாலை முனையில் டீக்கடை வைத்திருந்த அம்மா அன்றே உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பையனின் குடும்பத்தையும் இன்னொரு குடும்பத்தையும் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு சூளைக்கு மாற்றிவிட்டார்களாம். முன்பணக் கடனும் அப்படியே கைமாறிவிட்டது. அந்தச் சூளை எங்களுக்குக் கல் விற்பதில்லை. எங்கள் திட்டம் சுத்தமாகிவிட்டது. பையன் இன்னும் தொலைவுக்குப் போய்விட்டான். இங்கேயே தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, கார் வரக்கூடிய நேரத்துக்கு முன்பே வேலையை முடித்துவிட்டுக் குடிசைக்குள் போய்விடுவார்கள் என்றும் அவர் சொன்னார்.

இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கும் ஒரு நிகழ்வு உண்டு. பிள்ளைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதாவை 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்தார். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அச்சமே போதுமானதாக இருந்தது. பங்களாதேஷின் ஆயத்த ஆடை ஆலைகள் ஏறத்தாழ 50,000 பிள்ளைகளை வெளியேற்றின. யுனிசெஃப் பிறகு தேடிப் பார்த்தபோது அவர்களில் பலர் கல் உடைப்பதிலும் தெருவிலும் பாலியல் தொழிலிலும் இருந்தார்கள். ஆடை ஆலையைவிடக் கொடிய இடங்கள். 1995இல்தான் ஆலை உரிமையாளர் சங்கமும் யுனிசெஃபும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வேறு வழி கண்டார்கள்: பள்ளி தயாராகும்வரை ஒரு பிள்ளையையும் நீக்கக்கூடாது, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா உதவித்தொகை, அந்தப் பிள்ளை விட்ட வேலை இயன்றவரை அதே வீட்டுப் பெரியவருக்கு. நான் இதைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை சொல்லிக்கொடுத்தவள். என் கையில் ஒரு சூளை வந்தபோது அந்த ஆலைகள் முதலில் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

துவாஸில் கற்றது

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சிலரோடு சிங்கப்பூரின் மேற்கு முனையில், துவாஸில் ஒரு வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவேன். அங்கே சாரம் கட்டும் வேலையில் இருந்த ஒருவர், உசிலம்பட்டிப் பக்கம், முப்பது வயது இருக்கும். சூளைக் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"என்னைய முறுக்குக் கம்பெனிக்கு அனுப்புனப்ப பன்னெண்டு வயசுக்கா. வடக்க. அப்பா முன்பணம் வாங்கிட்டாரு. ராத்திரி மூணு மணிக்கு மாவு பிசைய எழுப்பிவிடுவாங்க. எனக்கு இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிக்கொடுத்தாங்க. யாராச்சும் வந்து எது கேட்டாலும் அதச் சொல்லணும். அட்டாரா."

அட்டாரா என்றால் பதினெட்டு. அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. மதுரை, தேனி மாவட்டங்களிலிருந்து முறுக்குத் தயாரிக்கும் இடங்களுக்குச் சிறுவர்கள் கொண்டுபோகப்பட்டதைச் செய்தியாகப் படித்திருந்தேன். அப்படிப் போன ஒருவர் எனக்கு எதிரே அமர்ந்து ஆங்கிலப் பாடம் எழுதுவார் என்று நினைத்ததில்லை.

சிங்கப்பூருக்கு வர அவர் ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த பணமும் வட்டிக்கு வாங்கியதுதான். இங்குள்ள ஆள்சேர்ப்பு முகவை நிறுவனங்கள் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக்கூடாது என்று மனிதவள அமைச்சின் விதி உண்டு. ஊரில் இருக்கும் தரகருக்கு அந்த விதி எட்டாது. கடன் கழுத்தை நெரித்தபோது, தம்பியையும் அதே முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்ததாம். "நான் ஓவர்டைம் பாத்து நிறுத்துனேங்கா. இப்ப பாலிடெக்னிக் படிக்கிறான்." குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை நமக்குத் தொலைவானது என்று சிங்கப்பூரில் நினைத்துக்கொள்கிறோம். இங்கே 13 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியரானால் 18, பணிப்பெண்ணானால் 23 என்று வயது வரம்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் வீட்டு எதிரே எழும் கட்டடத்தின் சாரத்துக்கும் உசிலம்பட்டியில் ஒரு பையன் பள்ளியில் இருப்பதா இல்லையா என்பதற்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருந்தது.

அடுத்த முறை சூளைக்குப் போனபோது யாரிடமும் வயது கேட்கவில்லை. ஒடியா பேசும் ஒரு பெண்ணைக் கூட்டிப்போனோம். எந்த வகுப்பு வரை படித்தாய், உன் ஆசிரியர் பெயர் என்ன, போன நுவாகாய்க்கு எங்கே இருந்தாய், பால் பல் எல்லாம் விழுந்துவிட்டதா என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டார். ஆதார் அட்டைகளில் பலருக்கு ஜனவரி 1தான் பிறந்தநாள். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பேச்சில் எல்லாம் வந்தது. எங்கள் பட்டியலில் ஒரு பிள்ளையும் இல்லாத அந்தச் சூளையில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்.

கணக்கு

ஒரு தந்தையோடு மண் குவியலருகே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மகன் புரட்டினால் ஒரு நாளில் ஆயிரம் கல். அவன் இல்லாவிட்டால் இருநூறு குறையும் என்றார். அந்த இருநூறும் முன்பணக் கடனில் ஏறும். கடன் அடையாமல் மழைக்கு முன் ஊர் திரும்ப முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று அவரிடம் சொல்வது, தினமும் இருநூறு கல்லுக்கான கூலியை விட்டுக்கொடு என்று சொல்வது. அந்தப் பணத்தை யார் தருவார்கள் என்பதை எங்கள் அறிக்கைகளில் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

எனக்கு அப்போது பாட்டி நினைவு வந்தது. அவர் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா பாலெடுக்க மரம் சீவ, அவரும் அக்காவும் மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைத்துக் கட்டிப்பால் பொறுக்குவார்களாம். பால் எடைக்குத்தான் கூலி. பிள்ளைகளின் பெயர் எந்தச் செக்ரோலிலும் (வேலையாட்கள் பதிவேட்டிலும்) இருந்திருக்காது, எடையில் மட்டும் அவர்கள் கை இருந்தது. மலாயாவில் 1920களில் வந்த தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளிகள் வந்தன. மரம் சீவும் நேரமும் எடைக் கூலியும் அப்படியே இருந்ததால், பாட்டியின் தலைமுறையில் பல பிள்ளைகள் காலை வேலை முடித்த களைப்போடுதான் பலகையைத் தொட்டார்கள். நூறு ஆண்டு கழித்து, கங்காணி இருந்த இடத்தில் தரகர், மங்கு இருந்த இடத்தில் பச்சைக்கல்.

உஸ்பெகிஸ்தானின் பருத்தி வயல்களிலும் இதே கணக்குதான் நடந்தது. அரசு விதித்த அறுவடை இலக்கை நிரப்பப் பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு நெருக்கடியால் 2012 முதல் சிறு பிள்ளைகளை விலக்கத் தொடங்கினார்கள். இலக்கு மாறவில்லை. ஆகவே ஆசிரியர்களையும் செவிலியர்களையும் கல்லூரி மாணவர்களையும் வலுக்கட்டாயமாக இறக்கினார்கள். உலக வங்கி நிதியுதவி பெற்ற வேளாண்மைத் திட்டம் ஒன்றின் பகுதியிலேயே இது நடக்கிறது என்று 2013இல் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் புகார் போனது. அதன் பிறகு தொழிலாளர் அமைப்பு வயல்களைக் கண்காணித்தது, பறிப்பவர்களின் கூலி உயர்ந்தது, இலக்கு முறையும் ஒழிக்கப்பட்டது. 2021 அறுவடையில்தான் அந்தக் கட்டாய முறை முடிந்துவிட்டதாக அந்த அமைப்பு அறிவித்தது.

1996இல் சிவகாசி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட தீர்ப்புதான். பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நிதியத்தில் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் தானும் போட வேண்டும் என்றது.

இரண்டாம் நடவடிக்கை

சிங்கப்பூர் அலுவலகத்தில் இதை எடுத்துவைத்தபோது கொள்முதல் பிரிவில் இருந்த தம்பி ஒருவர், திருச்சியிலிருந்து வந்து இங்கே நிரந்தரவாசியானவர், "அக்கா, கல் விலையத் தொட்டா டெண்டரையே தொட்ட மாதிரி" என்றார். அவர் தவறாகச் சொல்லவில்லை. குறைந்த விலைக்குக் கல் தருபவரைத் தேர்ந்தெடுத்ததே நாங்கள்தான். அந்த விலையில் இரண்டு பெரியவர்கள் மட்டும் உழைத்து அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை எட்ட முடியாது என்பதை அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஒரு பக்கத் தாள்தான் கூட்டத்தின் போக்கை மாற்றியது. கல் ஒன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது சில காசுகள். மேன்ஹோல் மூடியின் விலையில் ஏற்படும் ஏற்ற இறக்கம் அதைவிட அதிகம்.

வங்கி ஒப்புக்கொள்ள மூன்று மாதம் ஆனது. அடுத்த பருவத்துக்கு வியாபாரியை விலக்கிச் சூளையோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டோம். கூடுதல் காசு ஆயிரம் கல் கூலியில் சேர வேண்டும், முன்பணமும் கழிவும் தொழிலாளி கையில் இருக்கும் நோட்டில் அவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒரு குடும்பத்தையும் பிள்ளை வேலை செய்ததற்காக அனுப்பக்கூடாது என்பதையும் எழுதி வாங்கினோம். மாவட்ட நிர்வாகத்துக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் தகவல் போனது. அதை முதல் முறையே செய்திருக்க வேண்டும்.

கீற்றுக் கொட்டகையில் வகுப்பு தொடங்கியது. ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்களை வரவழைத்துச் சூளைகளிலேயே வகுப்பு நடத்தும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சில இடங்களில் முன்பே இருந்ததால் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியின் பதிவேட்டில் பிள்ளைகளைச் சேர்த்ததால் மதிய உணவும் முட்டையும் வந்தன. தமிழ்நாட்டில் பிள்ளைகளைக் கூலியிலிருந்து மீட்டதில் சத்துணவுக்குச் சட்டத்தைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் திடமான எண்ணம். அந்தக் கொட்டகையில் தட்டு வந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது குழந்தைகள் காப்பகம்தான். கைக்குழந்தைகளுக்கு ஒரு தொட்டில் வரிசை, பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், தண்ணீர்க் குழாய். அது வந்த வாரமே பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். எந்த எச்சரிக்கைப் பலகையும் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்காது.

நடக்காதவை

பதினைந்து வயதுப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். சூளை வேலைக்குச் சின்னவர்கள், கொட்டகை வகுப்புக்குப் பெரியவர்கள். தொழிற்பயிற்சிக்கு அனுப்பப் பார்த்தோம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. ஒருவன் ஒரு மாதத்தில் காணாமல் போனான். சென்னையில் ஓர் உணவகத்தில் இருக்கிறான் என்றார்கள். அவனைத் தேடிப் போக எங்கள் திட்டத்தில் இடமில்லை, நான் போகவுமில்லை.

ஏரிக்கு அப்பால் இருந்த சூளையில் எதுவும் மாறவில்லை. எங்களுக்கு அங்கே எந்தப் பிடியும் கிடையாது.

வேலிக்குள்ளும் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். குழி தோண்டுபவர்களுக்கு டீ கொண்டுவரும் பையன். அவன் எந்த ஒப்பந்தக்காரரின் ஆளும் இல்லை, தளத்தில் முகாம் வந்ததால் முளைத்த ஒரு கடையின் ஆள். பள்ளியை விட்டது எங்கள் திட்டம் வந்த பிறகுதான். உகாண்டாவில் கம்வெங்கே நகரை ஃபோர்ட் போர்ட்டலோடு இணைக்கும் சாலைத் திட்டத்துக்கான நிதியை உலக வங்கி 2015 டிசம்பரில் ரத்துசெய்தது. சாலைப் பணியாளர்கள் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதும் அவர்களில் பலர் பள்ளியை விட்டதும் வெளிவந்த பிறகு நடந்தது அது. ஊருக்குள் திடீரென வந்து இறங்கும் முகாமும் பணமும் வேலிக்கு வெளியே உள்ள பிள்ளைகளை என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று அதைப் பற்றிய அறிக்கையில் படித்திருந்தேன். தினம் இரண்டு முறை அந்தப் பையன் கையிலிருந்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டே 'மீறல் இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

உலக அளவில் 2024 மதிப்பீட்டின்படி 13.8 கோடிப் பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள். அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். 2020இல் 16 கோடியாக இருந்தது குறைந்திருக்கிறது. 2025க்குள் இது முற்றிலும் ஒழிய வேண்டும் என்று நாடுகள் குறித்த கெடு போய்விட்டது.

முதலில் நான் பார்த்த அந்தப் பையன் அடுத்த பருவத்தில் எங்கள் சூளைக்கே திரும்பி வந்தான். கூலி கூடுதல் என்று கேள்விப்பட்டு அவனுடைய அப்பா தரகரிடம் சண்டை போட்டு இங்கே வந்திருக்கிறார். டிசம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறி இருக்கிறது. பிறகு வெயில் ஏறி, கடன் தீர்ந்து, குடும்பம் பலாங்கீருக்கு ரயில் ஏறியது. இங்கே நாலரை மாதம் படித்ததற்கான சான்று அவன் ஊர்ப் பள்ளிக்குப் போனால்தான் அங்கே மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்காமல் நான்காம் வகுப்பில் சேர்ப்பார்கள். சான்று தமிழில் இருக்கிறது. ஒடியாவில் மொழிபெயர்த்து, இரு மாநிலக் கல்வி அலுவலர்களின் முத்திரையோடு அனுப்ப வேண்டும். ஒரு முத்திரை கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்காக வாரம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வகுப்புகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன.